அறுந்த தொடர்பை மறைக்காத கருவி வேண்டும்

மருத்துவக் கருவிகளை ஆக்கும் தொழிலுக்கு வந்திருக்கும் இளம் பொறியாளர்களுக்கு,

நோயாளியின் படுக்கையருகே நின்று, மூச்சையும் நாடியையும் இரத்தத்தில் கலந்துள்ள பிராணவாயுவின் அளவையும் கணந்தோறும் அளந்து, அளந்ததை எங்கோ தொலைவிலிருக்கும் கணினிக்கும் அதன் வழியாக ஒரு வைத்தியரின் கண்ணுக்கும் அனுப்பிவைக்கும் யந்திரங்களைப் படைக்க நீங்கள் முன்வந்திருக்கிறீர்கள். இத்தொழிலின் பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டிய அவசியமில்லை. அதை அறிந்தே வந்திருக்கிறீர்கள். ஆயினும், குளிரூட்டப்பட்ட அறையில், ஏற்ற இறக்கமில்லாத மின்சாரத்தின் துணையோடும் இடையறாத இணையத்தோடும் உருப்பெறும் ஒரு கருவி, மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, கொள்ளைநோய் பரவிய ஊரில் கூடாரமடித்து நடத்தும் சிகிச்சை முகாமுக்கோ போய்ச் சேர்ந்தபின் அதற்கு நேரும் கதியைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். கருவி பழுதுபடுவதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. மனிதர் செய்த எதுவும் ஒருநாள் பழுதுபடவே செய்யும். ஆனால் தன் தொடர்பு அறுந்திருப்பதையும், தனக்கு இப்போது ஒன்றும் தெரியாது என்பதையும் அது அருகில் நிற்பவரிடம் ஒளிக்குமானால், அதைவிடப் பெரிய தீங்கை ஒரு மருத்துவக் கருவி செய்துவிட முடியாது. இம்மடல் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதே.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் மால்கின் என்பவர், வசதி குறைந்த 16 நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்த 1,12,040 கருவிகளின் நிலையைத் தம் துணை ஆய்வாளரோடு தொகுத்துப் பார்த்து 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், அவற்றுள் 38.3 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தன என்று காட்டினார். கையாளுவோருக்குப் பயிற்சி இல்லாமை, கருவிகளைப் பராமரிக்கும் நிர்வாகம் சீராக இல்லாமை, மின்சாரம் முதலிய அடிப்படை வசதிகளின் குறைவு ஆகிய மூன்றுமே முதன்மைக் காரணங்களாகத் தென்பட்டன. வலையமைப்பு என்பது இம்மூன்றையும் நீக்குவதற்காக வந்த மருந்து என்று சிலர் பேசுகிறார்கள். உண்மையில் அது இம்மூன்றின்மேல் நான்காவது ஒரு சார்பையும் ஏற்றிவைக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டால்தான், அதன் பயனை நாம் முழுவதும் பெற முடியும்.

தேனி மாவட்டத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தேனியிலிருந்த தன் கிளை மருத்துவமனையோடு சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களைக் கம்பியில்லாத் தொடர்பால் இணைத்துச் சிறு பார்வை மையங்களை நிறுவியது. மையத்தில் இருப்பவர் பயிற்சி பெற்ற பெண் பணியாளர். நோயாளியின் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுப்பது அவர் பொறுப்பு. தேனியில் அமர்ந்திருக்கும் டாக்டர், படத்தைப் பார்த்து, நோயாளியோடு திரைவழியே முகம் பார்த்துப் பேசி, கண்ணாடி போதுமா, அறுவை சிகிச்சைக்கு வரவேண்டுமா என்று சொல்லிவிடுவார். ஒருநாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்க முடியாமல் கண்புரையோடு காலங்கழித்த முதியவர்களுக்கு இது எத்தகைய உபகாரம் என்பதை அந்த மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இத்தொடர்பை அமைத்துக் கொடுத்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவரின் தலைமையில் இயங்கிய ஆய்வாளர்கள். வைஃபை என்பது ஒரு வீட்டுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ பயன்படுவதற்காக வகுக்கப்பட்ட முறை. அனுப்பிய ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் 'கிடைத்தது' என்ற மறுமொழி மிகச் சிறிய கால எல்லைக்குள் வந்துசேர வேண்டும் என்பது அதன் விதி. கோபுரத்துக்குக் கோபுரம் பல கிலோமீட்டர் தூரம் அலை போய்வரும்போது அந்த எல்லை கடந்துவிடுவதால், செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தும் சேரவில்லை என்று எண்ணிக் கருவி அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே அவர்கள் அந்த விதியையே மாற்றி, இருமுனைகளும் முறைவைத்துப் பேசவும், பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே மறுமொழி அனுப்பவும் செய்தார்கள். இந்த ஏற்பாட்டை விளக்கும் கட்டுரை 2007-ல் வெளிவந்தது. படித்தவர்கள் வியந்தார்கள், வியக்கத்தக்கதுதான். ஆனால் எனக்கு அதைவிட மதிப்புமிக்கதாகத் தோன்றுவது, அடுத்த ஆண்டு, 2008-ல், கிராமத்து வலையமைப்புகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதைப் பற்றி அதே குழுவினர் எழுதிய கட்டுரை.

ஏனென்றால், அலையின் சூட்சுமங்களை வென்றவர்கள் அதில் கரண்டின் கொடுமையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நேர்ந்த பழுதுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், மின்சாரம் இல்லாமை என்பதைவிட, வந்த மின்சாரத்தின் தரமின்மை. திடீரென்று பல நூறு வோல்ட் அளவுக்குத் துள்ளியெழுந்த மின்னழுத்தம் பலகைகளையும் இணைப்பு வாய்களையும் எரித்தது. முன்னறிவிப்பின்றி நின்று நின்று வந்த மின்சாரத்தால் நினைவட்டையில் எழுதப்பட்டிருந்தவை சிதைந்தன. இவற்றையெல்லாம்விட நுட்பமான ஒரு தொல்லையும் இருந்தது. மின்னழுத்தம் மெல்ல மெல்லக் குறையும்போது கருவி முற்றிலும் அணைந்து போவதில்லை. விளக்கு எரியும், உள்ளே ஒன்றும் நடக்காது. மின்சாரம் சரியான பிறகும் அது அந்த அரைமயக்கத்திலேயே கிடக்கும். யாராவது போய் அணைத்துப் போட்டாலொழிய எழுந்திருக்காது. அவர்கள் கண்ட பரிகாரம், மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கருவியின் மின்சாரத்தை ஒரேயடியாகத் துண்டித்துவிட்டு, அழுத்தம் மீண்டதும் புதிதாக எழுப்பிவிடும் ஓர் எளிய சுற்று. விலை மிகக் குறைவு. ஆனால் அதற்குப் பின்னாலிருக்கும் விவேகம் பெரிது: சரியாக வேலை செய்ய முடியாத நிலையில் கருவி தெளிவாக நின்றுவிட வேண்டும் என்பதே அது.

நீங்கள் வடிவமைக்கும் ஒவ்வொரு கருவியிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தொடர்பு அறுந்தவுடன் தொலைவிலுள்ள திரையில் என்ன தெரிகிறது? கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கிறதா? நிற்குமானால், நாற்பது நிமிஷத்துக்கு முன் 96 என்று இருந்த பிராணவாயு அளவு இப்போதும் 96 என்று பச்சை நிறத்தில் பிரகாசித்துக்கொண்டிருக்க, அதை நம்பி ஒரு வைத்தியர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடக்கூடும். எண்ணை அழித்துவிட்டு, இன்ன நேரத்துக்குப் பிறகு செய்தி இல்லை என்று காட்டுவதற்குச் சில வரி நிரல் போதும். அதை எழுதாமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

தடுப்பு மருந்துகளைக் காக்கும் குளிர்ச் சங்கிலியில் இவ்விஷயம் ஓரளவு நன்றாகவே கவனிக்கப்பட்டிருக்கிறது. 2 முதல் 8 பாகை வரை இருக்க வேண்டிய குளிர்பெட்டிக்குள் வெப்பநிலை ஏறினால் மருந்து கெடும் என்பதை எல்லோரும் அறிவர். உறைந்துபோனாலும் ஹெப்படைட்டிஸ்-பி, முத்தடுப்பு ஊசி போன்றவை வீரியம் இழக்கும் என்பதையும், இழந்ததைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பதையும் பலர் அறியார். இந்தியாவில் 2015 முதல் ஈவின் என்ற திட்டத்தின்கீழ், சிம் அட்டை பொருத்திய வெப்பமானிகள் குளிர்பெட்டிகளில் வைக்கப்பட்டு, அளவு மீறினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும்படி செய்யப்பட்டிருக்கிறது. சமிக்ஞை கிடைக்காத நேரத்தில் அளந்தவற்றைத் தன்னிடமே சேர்த்துவைத்திருந்து, கிடைத்தவுடன் அனுப்பும் குணம் இத்தகைய கருவிக்கு இன்றியமையாதது. அந்த இடைவேளையில் செவிலியர் பெட்டியைத் திறந்து மருந்தை எடுக்க வந்தால், அங்கேயே, அவர் கண்ணெதிரிலேயே, இந்த மருந்தைப் போடலாம் அல்லது போடக்கூடாது என்று சொல்ல வல்லதாகவும் அது இருக்கவேண்டும். தலைநகரத்து அலுவலகத்துக்கு மட்டும் உண்மை தெரிந்து, ஊசி போடுகிறவருக்குத் தெரியாமல் இருந்தால் என்ன பிரயோஜனம்?

கடுமையான சூழ்நிலை என்றால் என்ன என்பதை உலகத்துக்கு மறக்க முடியாதபடி கற்பித்தது, கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் முக்கியமாக 2014-லும் 2015-லும் பரவி, 11,000-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த எபோலா. நோயாளிகள் இருந்த பகுதியைச் சுற்றி வேலி. உள்ளே போகும் டாக்டரும் நர்ஸும் உச்சிமுதல் உள்ளங்கால்வரை பாதுகாப்பு உடைக்குள் புகுந்துகொண்டு, அந்த வெம்மையில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்க முடியாமல் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போன காகிதம் வெளியே வரலாகாது. நோய்க்கிருமி அதோடு வரும். ஆகவே உள்ளே ஒருவர் குறிப்பெழுதி வைத்துக்கொண்டு, வேலியருகே வந்து நின்று, இன்ன படுக்கைக்காரருக்கு ஜுரம் இவ்வளவு, வயிற்றுப்போக்கு இத்தனை தடவை என்று உரக்கக் கூவ, வெளியே நிற்பவர் அதைக் கேட்டு மறுபடியும் எழுதிக்கொண்டார். முகமூடிக்குள்ளிருந்து எழும் குரல், ஆவி படிந்த கண்ணாடி, களைப்பு. எத்தனை எண்கள் வழியிலேயே மாறிப்போயிருக்கும் என்பதை நினைக்கவே வருத்தமாக இருக்கிறது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் சர்வதேச ஸ்தாபனத்தின் வேண்டுகோளுக்கிணங்கி, கூகிள் நிறுவனத்துப் பொறியாளர்களும் வேறு தன்னார்வலர்களும் சேர்ந்து இதற்கென்று ஒரு பலகைக் கணினியை உருவாக்கினார்கள். அதன் ஒவ்வொரு அம்சமும் களத்தின் ஒரு நிர்ப்பந்தத்துக்குப் பதிலாக அமைந்தது. 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் முழுவதும் அமிழ்த்தி எடுத்து வெளியே கொண்டுவரும்படி பாலிகார்பனேட் உறை. பாதுகாப்பு உடையைக் கிழித்துவிடக்கூடாதே என்று கூர்முனைகள் இல்லாத ஓரங்கள். கனத்த கையுறையோடு தொடுவதற்கேற்ற பெரிய பொத்தான்கள். கம்பி செருகும் வாயே இல்லாமல், மேஜைமேல் வைத்தாலே மின்னேறும் ஏற்பாடு. அவற்றிலெல்லாம் என் மனம் அதிகம் ஈடுபடுவது, வேலிக்கு அப்பால் வைத்த மிகச் சிறிய ஒரு கணினியே அந்த முகாமின் வலையமைப்புக்கெல்லாம் மையமாக, மின்கலத்தில் இயங்கியபடி, இணையத்தின் தயவை எதிர்பாராமல் வேலை செய்தது என்பதில்தான். உள்ளிருந்து வெளியே முப்பது அடி தூரம் செய்தி போவதற்கு உலகத்தின் மறுகோடியிலிருக்கும் கணினிக் கிடங்கைச் சுற்றி வரவேண்டுமென்று அவர்கள் வைக்கவில்லை. செய்தி எங்கே தேவையோ அங்கேயே அது வாழவேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

அக்கருவி களத்துக்கு வந்துசேர்ந்தபோது நோயின் வேகம் பெரும்பாலும் தணிந்திருந்தது. இதைச் சுட்டிக்காட்டி அம்முயற்சியைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொள்ளைநோய் வந்தபின் கருவியைச் செய்யத் தொடங்கினால் அது தாமதமாகத்தான் வரும். ஆகையால் வருவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டும் என்பதே அதிலிருந்து கொள்ளத்தக்கது. பணம் கொடுக்கும் அரசாங்கங்களும் அறநிலையங்களும் இதைக் காதில் போட்டுக்கொண்டால் நன்று.

நம் நாட்டுக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் காசநோய்ப் பரிசோதனை. சளியிலுள்ள கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்துக்குள் கண்டறிந்து, முக்கியமான ஒரு மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் கூறும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை உலக சுகாதார ஸ்தாபனம் 2010 டிசம்பரில் அங்கீகரித்தது. மகத்தான முன்னேற்றம் அது. ஆனால் அது நிலையான மின்சாரத்தையும், 30 பாகைக்கு மேற்படாத அறை வெப்பத்தையும், ஆண்டுதோறும் அளவுச் சரிபார்ப்பையும் வேண்டியது. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டும். ஆகவே கருவியோடு குளிர்சாதனமும், அதற்கு மின்சாரமும், அது போனால் மாற்று மின்சாரமும் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைகள் வளர்ந்தன. பெரும்பாலும் அது பெரிய ஆஸ்பத்திரிகளில் தங்கிவிட்டது. கோவாவிலிருந்து வந்த ட்ரூநாட் என்னும் கருவியோ, மின்கலத்தில் இயங்குவதாக, குளிர்சாதன அறை இல்லாத சிறு சுகாதார நிலையத்தின் மேஜைமேல் வைத்து நடத்தக்கூடியதாகத் தொடக்கத்திலிருந்தே எண்ணி அமைக்கப்பட்டது. 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதையும் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை உயர்த்துவது என் உத்தேசமன்று. கஷ்டமான இடத்தை முதலிலேயே மனத்தில் வைத்துச் செய்த கருவி நகரத்திலும் வேலை செய்யும். நகரத்துக்காகச் செய்ததைக் கிராமத்துக்கு ஏற்றபடி பிற்பாடு திருத்துவது செலவும் சிரமமும் மிக்க காரியம்.

வசதி மிகுந்த ஊரும் ஒரே நாளில் கடுமையான சூழ்நிலையாக மாறக்கூடும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூச்சுக் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும்படி மாற்றியமைப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நோயாளியின் அறைக்குள் போகும் தடவைகளைக் குறைப்பதற்காக, மருந்து செலுத்தும் பம்புகளை நீண்ட குழாய் கோத்து நடைவழியில் வைத்தார்கள் பல மருத்துவமனைகளில். அவசரத்துக்கு அது தக்க யோசனையே. எனினும் குழாய் நீண்டால், அதில் அடைப்பு ஏற்பட்டதைப் பம்பு உணர்ந்து ஒலியெழுப்ப நேரம் கூடுகிறது. அடைத்த கதவுக்குள் நிற்கும் மூச்சுக் கருவியின் ஒலியோ வெளியே கேட்பதில்லை. இடம் மாறும்போது கருவியின் குணமும் மாறுகிறது.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று விரல்நுனியில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் கருவிக்கு அடிப்படையான முறையை 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஓயாகி, கணக்கற்ற உயிர்களைக் காத்தவர். ஆனால் அக்கருவி கறுத்த தோலினரிடத்தில் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டிவிடுவது அதிகம் என்பதை 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு எல்லோருடைய கவனத்துக்கும் கொண்டுவந்தது. கறுப்பு நிறத்தவரிடம், கண்டுபிடிக்கப்படாத பிராணவாயுக் குறைவு, வெள்ளையரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. படுக்கையருகே நிற்கும் நர்ஸ், உதடு நீலம் பாய்ந்திருப்பதையும் மூச்சு வாங்குவதையும் பார்த்து எண்ணைச் சந்தேகிப்பார். தொலைவிலிருக்கும் டாக்டருக்கோ அந்த எண் மட்டுமே போகிறது, விரல் போவதில்லை. நம் மக்களின் தோல்மேல் வைத்துச் சோதித்துப் பார்க்காத எந்த உணரியையும் வலையில் கோக்காதீர்கள்.

வலைவழியே நுழையும் கேட்டையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2017 மே 12-ஆம் தேதி பரவிய வானாக்ரை என்னும் நச்சு நிரல், இங்கிலாந்தின் 236 மருத்துவமனை நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80-ஐப் பாதித்தது. கணினிகள் மட்டுமன்றிப் படமெடுக்கும் யந்திரங்களும் முடங்கின. வலையிலிருந்து பிடுங்கி எடுத்தாலும் தன் கடமையைச் செய்யும் கருவி இத்தகைய நாளில் காப்பாற்றும்.

இனி, உங்கள் கருவியை அன்றாடம் தொடப்போகிற ஸ்டாஃப் நர்ஸையும் லேப் டெக்னீஷியனையும் நினைத்துப் பாருங்கள். இரவுப் பணியில் ஒருவராக இருபது பேரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். திரையில் 'பிழை 47' என்று தோன்றினால், தடித்த ஆங்கிலக் கையேட்டைப் புரட்ட அவருக்கு நேரமில்லை. 'நெட் இல்லை, அளவு இங்கே சரியாக இருக்கிறது, கவலை வேண்டாம்' என்றோ, 'அளவு சரியில்லை, கையால் நாடி பாருங்கள்' என்றோ அவருடைய மொழியில் அது சொல்லட்டும். இவ்விரண்டும் வேறு வேறு நிலைகள். இரண்டுக்கும் ஒரே சிவப்பு விளக்கும் ஒரே ஓசையும் வைத்தால், பத்துத் தடவை வீணாக ஓடிவந்தவர் பதினோராவது தடவை அந்த ஓசையை அணைத்துவிடுவார். அதற்கு அவரைக் குறைகூற நமக்கு உரிமை கிடையாது. பொய்யாகக் கூவாதிருப்பதும் உண்மையை மறைக்காதிருப்பதும் சேர்ந்தே இருந்தால்தான் அக்கருவியை அவர் நம்புவார்.

ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். உங்கள் கருவி விற்பனைக்குப் போகுமுன், சித்திரை மாதத்தில் ஏதேனும் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதை எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள செவிலியரின் அனுமதியோடும் மேற்பார்வையோடும், நோயாளி எவருக்கும் மாட்டாமல், உங்கள் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு நடத்துங்கள். பிறகு இணையத்தைத் துண்டியுங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், அழுத்தத்தை மெல்லக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும், கருவி இப்போது என்ன சொல்கிறது என்று நீங்கள் விளக்காமல், அந்தச் செவிலியரையே கேளுங்கள். அவர் சொல்லும் விடை உண்மைக்கு மாறாக இருக்குமானால், எவ்வளவு காலம் உழைத்திருந்தாலும் சரி, கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்த் திருத்துங்கள். கருவிகளை வாங்கும் அதிகாரிகளும், ஒப்பந்தப் புள்ளி கோரும்போது இந்தச் சோதனையை ஒரு நிபந்தனையாக எழுதிவைக்கும்படி நீங்களே முன்வந்து கேளுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்
ஒரு பழைய வைத்தியன்